இன்ஸ்டாகிராமை நம்பிக் கடையை விரிக்கலாமா?

கேள்வி: குமுளியில் எங்களுக்கு ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை, சாக்லேட், சிப்ஸ் விற்கும் சிறிய கடை இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. பூர்வீகம் கம்பம். பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஒன்றரை வருஷத்துக்கு முன் இன்ஸ்டாகிராமில் கடை பெயரில் ஒரு பக்கம் தொடங்கினாள். ஏலக்காயைச் சல்லடையில் தரம் பிரிப்பதைப் பற்றி அவள் போட்ட ரீல்ஸை இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு கொச்சியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் பேசினார். மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் பக்கத்தை வளர்த்துத் தருகிறார்களாம். கணவருக்கு ஆசை. கொழுந்தனார், “நானும் ஆர்குட்டில் கிடந்தவன்தான், இப்போது அது எங்கே? இதுவும் அஞ்சு வருஷத்தில் போய்விடும், காசைக் கரைக்காதீர்கள்” என்கிறார். போன வருஷம் 340 பார்சல் அனுப்பியிருக்கிறோம், பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு. கம்பம் போகும்போது அங்கிருந்தே கூரியர் போட்டுவிடுவோம். எந்த ஆர்டர் எப்படி வந்தது என்று குறித்து வைத்த நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தச் சோஷியல் மீடியாவால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா? எத்தனை காலத்துக்கு இருக்கும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குமுளி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தைவிட, கூட வைத்திருந்த நோட்டுப் பக்கங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் புத்தி அப்படி. என்னிடம் கணக்குக்கு வரும் சிறு வியாபாரிகள் பலர் “ஆன்லைனில் நல்லாப் போகுது சார்” என்பார்கள். எந்த ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்த நோட்டிலேயே இருக்கிறது. அதை நான் கூட்டிக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

340 பார்சலில் 212, ஏற்கெனவே கடைக்கு நேரில் வந்து வாங்கிப் போனவர்கள் மறுபடி கேட்டவை. 67, அவர்கள் சொல்லி அவர்களுடைய அக்காவோ ஆபீஸ் தோழியோ கேட்டவை. மீதி 61தான் இன்ஸ்டாகிராமைப் பார்த்து வந்தவை. அந்த 61 பார்சலிலும் இரண்டாம் தடவை வாங்கினவர்கள் என்று நட்சத்திரக் குறி போட்டிருப்பது ஆறே பேருக்கு.

சராசரிப் பார்சல் 900 ரூபாய், சரக்கு விலை, டப்பா, கூரியர் எல்லாம் போக 150 ரூபாய் கையில் நிற்கிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்ஸ்டாகிராம் போன வருஷம் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது 9,150 ரூபாய். கொச்சிக் கம்பெனி கேட்பது வருஷத்துக்கு 1,44,000. அந்தப் பணத்தை எடுக்க மட்டும் மாதம் 80 பார்சல் புதிதாகப் போக வேண்டும். இப்போது போவது மாதம் ஐந்து. எண்பதைத் தாண்டி எண்பத்தொன்றாவது பார்சலில்தான் உங்களுக்கு முதல் லாபம். இதைக் கணவரிடம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள், வாயால் சொன்னால் சண்டையில்தான் முடியும்.

இரண்டு லட்சம் பேர் பார்த்தார்களே என்பார். பார்த்தது நிஜம்தான். ஆனால் அதில் எத்தனை பேர் வீட்டில் அடுத்த மாதம் ஏலக்காய் தீரப் போகிறது? பச்சைப் பசேல் என்று சல்லடையில் குலுங்கும் காயைப் பார்ப்பது கண்ணுக்குச் சுகம். பார்த்துவிட்டு விரலை நகர்த்திவிடுவார்கள். அந்த விரல் நகரும் நேரத்தை விளம்பரக்காரர்களுக்கு விற்பதுதான் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் தொழில். அவர்களுடைய வருமானத்தில் ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்திலிருந்து வருவது. ஆகவே பார்வை எண்ணிக்கை முதலில் அவர்கள் கல்லாவுக்கான கணக்கு. உங்கள் கல்லாவுக்கு வேறு கணக்கு.

அப்போ கொழுந்தனார் சொல்வதுதான் சரியா, எல்லாவற்றையும் மூடிவிடலாமா? அங்கேதான் உங்கள் வீட்டில் ஒரு விஷயத்தை யாருமே கவனிக்கவில்லை. கணவரும் கொழுந்தனாரும் சோஷியல் மீடியா என்றால் இன்ஸ்டாகிராம் என்று வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். மீதி 279 பார்சல் எந்த வழியாக வந்தது? எல்லா வரியிலும் நீங்களே “வா.ஆ.” என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப் ஆர்டர். அதற்கு யாரும் ரீல்ஸ் போடவில்லை, யாருக்கும் மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. தேக்கடி வந்தவர், கடையில் ஒரு காயை உரித்து வாயில் போட்டுப் பார்த்து வாங்கினவர், ஊருக்குப் போய் டப்பா காலியானதும் “அக்கா, அதே 8 எம்எம் ஏலக்காய் கால் கிலோ” என்று ஒரு வரி அனுப்புகிறார். உங்கள் கடைக்குச் சோஷியல் மீடியாவின் பிரயோஜனம் முக்கால்வாசி இதுதான். தெரியாதவரைத் தேடிப் பிடிப்பதில் அது உங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. ஒரு தடவை வந்தவர் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வதில் நன்றாகவே உதவுகிறது.

ஊரையும் யோசியுங்கள். குமுளிக்குப் புது முகங்களை வரவழைக்க நீங்கள் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தேக்கடிப் படகும் பெரியார் காடும் அந்த வேலையைப் பார்க்கின்றன. ஏப்ரல், மே விடுமுறைக் கூட்டம் ஒரு பக்கம். கார்த்திகை பிறந்தால் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம் என்று சபரிமலை வண்டிகள் மகரவிளக்கு வரை உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகின்றன. காட்பாடியிலோ வந்தவாசியிலோ கடை வைத்திருப்பவர் புது ஆளைப் பிடிக்க ரீல்ஸ் போட்டாக வேண்டும் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். உங்களுக்கு ஆள் தானாக வருகிறார். பில் போட்டு அனுப்பியதோடு விட்டுவிடுகிறீர்கள், அதுதான் குறை.

இனி ஆயுள் விஷயம். இதில் கொழுந்தனார் சொல்வது பாதி சரி. கூகுளின் சோஷியல் மீடியாவான ஆர்குட் 2004 ஜனவரியில் வந்தது. 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி கூகுளே அதை இழுத்து மூடியது. அவர் சொல்லாமல் விட்ட பாதி இது: ஆர்குட் வந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், அதே 2004 பிப்ரவரி 4-ஆம் தேதி ஃபேஸ்புக் பிறந்தது. ஜாதகம் எழுதினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்று பத்து வயதில் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றை இருபது வருஷம் தாண்டியும் மாதத்துக்கு 300 கோடிப் பேர் திறந்து பார்க்கிறார்கள். எனவே “அஞ்சு வருஷம்” என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்ல யாராலும் முடியாது.

செத்துப்போன விதங்களைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். சில, ஜனங்கள் வேறு இடத்துக்குப் போனதால் வாடின. மைஸ்பேஸை 2005-இல் நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2011-இல் சுமார் மூன்றரைக் கோடி டாலருக்குத் தள்ளிவிட்டது. சில, முதலாளிக்கு அலுத்துப்போனதால் மூடப்பட்டன. கூகுள் ப்ளஸ் 2011-இல் வந்து 2019 ஏப்ரலில் போனது. ஆறு வினாடி வீடியோவுக்குப் பெயர்போன வைன் நான்கு வருஷம்தான் ஓடியது. சிலவற்றுக்குப் பணம் தீர்ந்தது. ட்விட்டரைப் போல நம் நாட்டில் தொடங்கிய ‘கூ’ 2024 ஜூலையில் கடையைக் கட்டியது.

டிக்டாக் கதை வேறு. ஜனமும் போகவில்லை, முதலாளிக்கும் அலுக்கவில்லை. 2020 ஜூன் 29-ஆம் தேதி அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது, அதில் இதுவும் ஒன்று. அதில் லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலும் இருந்தார்கள். தடை வந்த ராத்திரி அவர்களிடம் ஒரு ரசிகரின் போன் நம்பர்கூடக் கையில் இல்லை. எண்ணிக்கை மட்டும் மனசில் இருந்தது.

ஆனால் சாவைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. பெயர் அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு மாறிவிடும். 2010 அக்டோபரில் வந்த இன்ஸ்டாகிராம் சதுரப் புகைப்படம் போடும் இடம். டிக்டாக் தடையாகிப் பத்து நாள் ஆவதற்குள் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்திலேயே முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. புகைப்படம் எடுப்பதில் கைதேர்ந்தவர்கள் எல்லாம் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஃபேஸ்புக்கிலும் இதே கதைதான். கடை பெயரில் பக்கம் வைத்து ஆள் சேர்த்தவர்களுக்கு, 2014 வாக்கில் தங்கள் பதிவு தங்களைப் பின்தொடர்கிறவர்களுக்கே போய்ச் சேராமல் சுருங்கியது. காசு கட்டினால் போகும் என்றார்கள். இந்த மாற்றங்களை யாரும் உங்களைக் கேட்டுச் செய்யப் போவதில்லை.

என் ஊகத்தைக் கேட்டால், இன்ஸ்டாகிராம் என்ற பெயர் இன்னும் பத்து வருஷம் இருக்கும் என்றே நினைக்கிறேன். இன்றைய ரீல்ஸ் அதே உருவில் இருக்கும் என்று நினைக்கவில்லை. நண்பர்கள் படத்தைப் பார்க்கப் போன இடத்தில் இப்போது முன்பின் தெரியாதவர்களின் வீடியோதான் ஓடுகிறது. நண்பர்களோடு பேசுவது தனிச் செய்திகளுக்கும் குழுக்களுக்கும் நகர்ந்துவிட்டது. உங்கள் நோட்டும் இதைத்தான் சொல்கிறது. வாட்ஸ்அப்பும் மெட்டாவுடையதுதான், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். அன்று ராத்திரி போன் நம்பரைத் தனியாக எழுதி வைத்திருந்தவர்கள் சாதாரணமாகப் போன் போட்டுப் பேசினார்கள்.

சரி, என்ன செய்வது?

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இன்னும் போடவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் நீங்கள் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போகும். இதை அறியாமல் நூற்றுக்கணக்கான பேருக்கு அனுப்பிவிட்டுப் பதிலே வரவில்லை என்று பலர் நொந்துகொள்கிறார்கள். ஆகவே பில் கொடுக்கும்போதே, “ஊருக்குப் போனப்புறம் வேணும்னா இந்த நம்பர்ல கேளுங்கண்ணா, இப்பவே சேவ் பண்ணி ஒரு ஹாய் போட்டுடுங்க” என்று சொல்லிப் பழகுங்கள். மலையிறங்கித் திரும்பும் சாமிமார்களிடம் சொன்னால் இன்னும் நல்லது. போகும்போது வாங்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வீட்டுக்கு வாங்குவார்கள். மாதம் ஒரு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். கேட்காதவர்களுக்குக் கூட்டமாக அனுப்பினால் அவர்கள் புகார் செய்வார்கள், வாட்ஸ்அப் எண்ணையே முடக்கிவிடும். பெயர், எண், ஊர், கடைசியாக வாங்கியது, இந்த நான்கையும் நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி ஒன்று. உங்கள் மகளின் ரீல்ஸ் ஒன்றில் கிலோ விலை பெரிய எழுத்தில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏலக்காய் விலை போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்கு ஏலம் மாறுவது. 2018 கேரள வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில் புற்றடியில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்புறம் இரண்டே வருஷத்தில் ஆயிரத்தின் பக்கத்துக்கு விழுந்தது. ரீல்ஸோ ஆறு மாதம் கழித்தும் யார் கண்ணிலாவது படும். “வீடியோவில் ஒரு விலை, கேட்டால் ஒரு விலை” என்று கமெண்டில் திட்டுவார்கள், நல்ல கடைக்குக் கெட்ட பெயர். விலையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும்.

கூகுள் மேப்பில் உங்கள் கடை இருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இல்லையென்றால் ரீல்ஸுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். இதுவும் இலவசம். தேக்கடியில் ரூம் போட்டிருப்பவர் சாயங்காலம் போனை எடுத்துப் பக்கத்தில் மசாலாக் கடை எங்கே என்று தேடும்போது பார்ப்பது அதைத்தான். கடை வாசல் படம், திறக்கும் நேரம், நாலு நேர்மையான விமர்சனம் இருந்தால் போதும். காசு கொடுத்து விமர்சனம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தை மூட வேண்டாம். அதற்குச் செலவு இல்லை. உங்கள் பெயரைக் கேள்விப்பட்டவர் கடை நிஜமா என்று பார்க்க ஒரு தடவை வருவார், அதற்கு அது இருக்கட்டும். ஆனால் இப்போது அந்தக் கணக்கு மகளின் ஈமெயிலிலும் எண்ணிலும் இருக்கிறது. அதை உங்கள் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். நாளைக்கு எந்தக் கம்பெனியை வைத்தாலும் இதே கவனம் வேண்டும். சிலர் தங்கள் ஈமெயிலில் பக்கத்தைத் திறந்து நடத்துவார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பக்கம் அவர்களோடு போய்விடும், நீங்கள் கேட்கவும் முடியாது. மகள் விஷயத்தில் எனக்கு உரிமை இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியும்வரை அவளுக்கு இதிலிருந்து லீவு கொடுங்கள். அவள் செய்த ரீல்ஸ் நன்றாக இருந்ததற்குக் காரணம், தாத்தா காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அது எங்கேயும் போய்விடாது. அப்புறம், பதினெட்டு வயதாகாத பெண்ணின் முகத்தை வைத்துத்தான் கடை ஓட வேண்டும் என்ற நிலைமைக்குப் போகாதீர்கள்.

எந்த மொழியில் போடுவது என்று மகளுக்கும் கணவருக்கும் தகராறாமே. பார்சல் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர் மொழியில் போடுங்கள். உங்களுக்குத் தமிழ்.

கொச்சிக்காரரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். “மாதச் சம்பளம் வேண்டாம். உங்களால் வந்த பார்சல் ஒன்றுக்கு 40 ரூபாய் தருகிறோம், சம்மதமா?” அவர் ஒத்துக்கொண்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை, தாராளமாகச் சேருங்கள். பின்தொடர்கிறவர், ரீச், பிராண்டிங் என்று பேச்சை மாற்றினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. குமுளி கேரளம், பார்சல் போவது தமிழ்நாட்டுக்கு. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு விற்றால், விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இருந்தாலும், சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. கம்பத்தில் கூரியர் போட்டால் தமிழ்நாட்டுக் கணக்கு ஆகிவிடும் என்று எல்லைப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சரக்கு புறப்படுவது உங்கள் குமுளிக் கடையிலிருந்துதான். கடையில் நின்று வாங்குபவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பழக்கத்தில் பார்சல் டப்பாவையும் அனுப்பிவிடாதீர்கள். அதன்மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண், எடை, விலை, பொதி செய்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். உங்களுக்கு எந்த வகைப் பதிவு இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. அந்த நோட்டையும் கூரியர் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே உங்கள் கணக்கரைப் போய்ப் பாருங்கள். கொச்சிக்காரருக்குப் பதில் சொல்வது அதற்கப்புறம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆடிட்டர், தேனி